ஐந்து பூவரசம் பலகைகள்

அடுக்களைக் குடிசையின் உத்தரங்களுக்குக் குறுக்கே ஐந்து பூவரசம் பலகைகள் பதினொரு வருடமாகக் கிடந்தன. அவற்றுக்கு நேர் கீழே கல்லடுப்பு. சேம்பும் ஈரப்பலாவும் வேகும் புகை நாள் தவறாமல் போய் அவற்றின் மேல் படியும். பார்க்கக் கரிக்கட்டை மாதிரி இருந்தாலும், நகத்தால் சுரண்டினால் உள்ளே தேன் நிறத்தில் வரி ஓடும். சினிவா வருடத்துக்கு ஒருமுறை, அப்பாவின் நினைவு நாளன்று, முக்காலி போட்டு ஏறி ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டு இறங்குவாள். ஐந்தும் இருக்கின்றன என்று கண்ணால் கண்டால் அவளுக்குப் போதும்.

அந்த மரம் முன்பு தேவாலயத்துக்குப் பின்னால் கடற்கரையில் நின்றது. கரைச்சுவர் கட்ட வந்தவர்கள் அதை வெட்டச் சொன்னார்கள். ஊரார் விறகுக்குக் கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. வாளை இரவல் வாங்கி வந்து தானே அறுத்தார். பூவரசு பெருத்து வளர்கிற மரம் இல்லை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையை மட்டும் எடுத்தால் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு மேல் பலகை தேறாது. ஐந்து தேறியது.

"சினிவாவோட பாய்க்குப் பெட்டி. நல்லாக் காயட்டும்" என்று சொல்லி உத்தரத்தில் ஏற்றினார். அப்போது பாய் முடிந்திருக்கவில்லை. பெட்டி வேலையைத் தொடங்குவதற்குள் அப்பாவே முடிந்துபோனார்.

படுக்கிற பாய் வேறு, இது வேறு. கல்யாணமோ சாவோ பட்டம் கட்டுவதோ, சமோவாவில் சபை நடுவே விரித்துக் காட்டிக் கொடுப்பது இந்த நுண்பாயைத்தான். எத்தனை பன்றி அடித்தாலும் நுண்பாய் இல்லாமல் மரியாதை நிறையாது. தாழை மடலை முள் சீவி, வேகவைத்து, கடல்நீரில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்க விட்டு, பிறகு நகத்தால் நூல் நூலாகக் கிழிக்க வேண்டும். ஒரு விரல் அகலத்துக்குள் இருபது இழை. காலையிலிருந்து மாலை வரை குனிந்து உட்கார்ந்தாலும் பாய் நகர்ந்தது தெரியாது. சினிவாவும் அம்மாவும் சேர்ந்து தொடங்கினார்கள். ஐந்தாவது வருடம் அம்மா போனாள். ஆறாவது வருடம் சினிவா தனியாக முடித்தாள். முடித்த அன்று நெசவுக் கூடத்துப் பெண்கள் அதைத் தோளில் போட்டுப் பார்த்தார்கள். துணி மாதிரி வழுக்கி விழுந்தது. நிறம் தேங்காய்ப் பாலின் நிறம்.

அவளுடைய ஆயுளுக்கு அந்த ஒரு பாய்தான் கணக்கில் சேரும். ஆறு பிள்ளைகளில் மூத்தவள் அவள். மற்ற ஐந்து பேரும் ஆக்லாந்து, சிட்னி என்று ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதம் ஒன்று அவளுக்கும் வந்தது. அதே மாதம் அம்மா படுக்கையில் விழுந்தாள்; எழுந்து நடமாட வருடங்கள் ஆயின. பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் பெண் கேட்டு வந்தான். பொறுத்திருக்கிறேன் என்றான், ஒரு வருடம் பொறுத்திருந்தான், பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன் மேல் சினிவாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு வருடம் பொறுத்ததே பெரிது.

பாயை அவள் தன் மெத்தைக்கு அடியில் விரித்து வைத்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். மாதம் இருமுறை காலை வெயிலில் காட்டி, தட்டி, மறுபடி அடியில் வைப்பாள். அடுத்தடுத்து இரண்டு வருடம் சூறாவளி வந்தது. இரண்டாவது சூறாவளியில் வீட்டின் கூரை போன பிறகு அவள் செய்த முதல் காரியம், பாயை எடுத்து வெற்றுடம்பில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு பாவாடை, அதற்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டதுதான். அப்படியே போதகர் வீட்டுச் சமையலறையில் முப்பது பேரோடு மூன்று நாள் நின்றாள், உட்கார்ந்தாள், தூங்கினாள். வெளியே வந்து அவிழ்த்துப் பார்த்தபோது பாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் தோல்தான் புண்ணாகியிருந்தது.

அடுக்களைக் குடிசையும் சரிந்து கிடந்தது. பூவரசம் பலகைகளில் நான்கு அந்த இடிபாட்டுக்குள் கிடைத்தன. ஐந்தாவதை அடுத்த வீட்டுப் பன்றிப் பட்டியிலிருந்து இழுத்து வந்தாள். புதுக் குடிசை போட்டதும் ஐந்தையும் பழையபடி ஏற்றினாள்.

அதே காற்று மலைப்பக்கத்து நிலத்தில் ஒரு பெரிய இஃபிலேலே மரத்தையும் சாய்த்திருந்தது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அந்தச் செய்தி ஆக்லாந்துக்குப் போயிற்று. அடுத்த வருடம் தம்பி ஃபிலேமோனி மனைவி மலியாவோடு கப்பல் பெட்டி நிறைய இயந்திரங்களைக் கொண்டுவந்து இறங்கினான். அங்கே பதினான்கு வருடம் மேஜை நாற்காலிப் பட்டறையில் வேலை பார்த்தவன். குடும்பத் தலைவருக்கான அப்பாவின் பட்டப்பெயர் காலியாக இருந்தது. குடும்பம் கூடி அவனுக்கே என்று முடிவு செய்தது. சினிவாவும் சரி என்றாள். அக்கா சரி என்று சொல்லாமல் அந்தப் பக்கத்தில் தம்பிக்குப் பட்டம் இல்லை. அக்கா தம்பியின் கண்மணி, அவள் வாக்கு தட்டக்கூடாத வாக்கு என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

பட்டம் கட்டும் நாளில் சினிவாவின் பாய் சபைக்குப் போகும் என்பதும் அன்றே முடிவாயிற்று. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அதற்காகத்தான் நெய்தது. அம்மாவின் ஊரார் வருவார்கள், இழையைத் தொட்டுப் பார்ப்பார்கள், நெய்தது யார் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக அவள் ஏழு வருடம் காத்திருந்தாள்.

பெட்டிப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வந்தது. ஃபிலேமோனி இஃபிலேலே மரத்தைச் சங்கிலி வாளால் அறுத்து முடித்திருந்தான். ஒவ்வொரு பலகையும் கதவு அகலம். சேம்பிலையைத் தேங்காய்ப் பாலோடு பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"அக்கா, உன் பாய்க்கு இஃபிலேலேல பெட்டி செய்யறேன். நாலு பேர் சேர்ந்தாத்தான் அசைக்க முடியும்."

"அசைக்க முடியாத பெட்டி எனக்கு எதுக்கு தம்பி? அப்பா பூவரசு எடுத்து வெச்சிருக்காரு."

மலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூவரசுலயா? எங்க ஊர்ல அதுல பன்னித் தொட்டி செய்வாங்க அண்ணி."

"பன்னித் தொட்டியும் செய்வாங்க, சோத்துத் தட்டும் செய்வாங்க" என்றாள் சினிவா. "அதுல எதை வெச்சாலும் வெச்சது வெச்ச மாதிரி இருக்கும். ருசிகூட மாறாது. இஃபிலேலே அப்படி இல்ல. நனைஞ்சா சிவப்பு விடும்."

அவள் அதை எங்கும் படித்தவள் இல்லை. பழைய வீட்டின் வாசல்படி இஃபிலேலே. ஒவ்வொரு மழைக்கும் அதன் அடியில் இருந்த கல்லில் துருநிறத்தில் ஒரு கோடு இறங்கும். அந்தப் பக்கம் துணி காயப்போடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பத்து வயதில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கவுனோடு சினிவா அந்த நனைந்த படியில் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சை, சாம்பல், சோப்பு, வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. கறை போகவில்லை. அம்மா அந்தக் கவுனைக் கிழித்துத் தம்பிக்கு இடுப்புத் துணியாக்கினாள். அந்தத் தம்பிதான் இந்த ஃபிலேமோனி.

அதை அவள் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினான். படி வெயிலிலும் மழையிலும் கிடந்தது, பெட்டி வீட்டுக்குள் இருக்கப்போகிறது. தூசி ஒட்டாத மாதிரி வார்னிஷ் போடப் போகிறான். கறையான் நூறு வருடம் ஆனாலும் பல் பதிக்காது. சபையில் தலைவர்கள் குடிக்கும் காவாப் பானத்தின் சட்டியையே இந்த மரத்தில்தானே கடைகிறார்கள்? பூவரசம் பலகை ஒன்றரைச் சாண். பெட்டி செய்தால் பக்கத்துக்கு மூன்று ஒட்டு வரும். வருகிறவர்கள் ஒட்டைத்தான் எண்ணுவார்கள்.

"வாரம் ரெண்டு போனா காஞ்சிடுமா அந்த மரம்?" என்று கேட்டாள் சினிவா.

"எந்த மரத்துல எது செய்யணும்னு பதினாலு வருஷம் சம்பளம் வாங்கிக் கத்துக்கிட்டவன் நான். நீ துவைக்கிற கல்லுல கத்துக்கிட்டதைச் சொல்ற." சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

அவன் பட்டறையில் மரம் சூட்டறையில் காய்ந்து, ஈரம் எவ்வளவு என்று முத்திரை குத்தி வரும். ஈரமரத்தை அவன் பதினான்கு வருடமும் கையால் தொட்டதில்லை. அது அவனுக்கே நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை. சினிவா மேற்கொண்டு வாதாடவில்லை. உள்பக்கம் மட்டும் வார்னிஷ் போடாதே, பாயில் அந்த நெடி ஏறிவிடும் என்று ஒன்று கேட்டுக்கொண்டாள். சரி என்றான். அவள் கேட்டதில் அவன் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். பின்னால் அவன் மறக்காமல் இருந்ததும் அது ஒன்றுதான்.

பூவரசம் பலகை அவளுக்கென்று இருக்கவே இருக்கிறது. இவன் பெட்டி கூடத்தில் அழகுக்கு இருக்கட்டும், தச்சரான போதகரின் மைத்துனரிடம் சொல்லித் தனியாகச் சின்னதாக ஒரு பெட்டி செய்துகொள்ளலாம் என்று மனதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பெண்கள் சபைக் கூட்டம் முடிந்து வந்தபோது, ஃபிலேமோனி கட்டிய புது சிமெண்ட் வீட்டின் முன்படிக்கு கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் முன்னால் சென்ட்ரிங் பலகை அடித்திருந்தது. ஒரு பக்கம் கரியாகவும், அறுத்த முனை தேன் நிறத்திலும் இருந்தது. சினிவா கையிலிருந்த பைபிளோடு அப்படியே நின்றாள். ஆணி அடித்த இடத்திலெல்லாம் பலகை பிளந்திருந்தது. இரண்டைப் பாதியாக அறுத்திருந்தார்கள். ஈரச் சிமெண்ட் விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது.

ஃபிலேமோனி மட்டப்பலகையால் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"தம்பி, அது அப்பாவோட பூவரசு."

"இதுவா?" என்று அவன் ஒரு பலகையைக் காலால் தட்டினான். "அடுப்பு மேல கிடந்த கரிப்பலகைன்னு நினைச்சேன் அக்கா. நீ பூவரசு இருக்குன்னு சொன்ன. எங்க இருக்குன்னு சொல்லலையே."

உண்மைதான். எங்கே என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் பிறந்து, அந்த அடுக்களையில் இருபது வருடம் தின்று வளர்ந்தவனுக்கு, மரம் காயப்போடுவது அடுப்புக்கு மேலேதான் என்று சொல்ல வேண்டியிருக்கும் என அவளுக்குத் தோன்றவில்லை.

"போனா போவுது" என்றான். "எதுல செய்யறதுன்ற பேச்சே இப்ப இல்லாம போச்சு பாரு. நல்லதுக்குத்தான்."

சிமெண்ட் இறுகியதும் பலகைகளைப் பிடுங்கி அடுக்களைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். சினிவா ஒரு நாள் தேங்காய் மட்டையும் மணலும் கொண்டு தேய்த்துப் பார்த்தாள். சிமெண்ட் கொஞ்சம் உதிர்ந்தது. அதோடு மரமும் உதிர்ந்தது. விட்டுவிட்டாள்.

இஃபிலேலே பெட்டி வந்தது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூலைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்திருந்தான். ஒரு ஆணி வெளியே தெரியவில்லை. கால் வைக்கவில்லை, தரையோடு தரையாக, பாறை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. பித்தளைப் பூட்டு. கூடத்தில் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே நான்கு பேர் மூச்சுவாங்க இறக்கி வைத்தார்கள். பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அன்றே சொல்லிவைத்தார்கள். சினிவா உள்ளே கையை விட்டுத் தடவினாள். மரம் சில்லென்று இருந்தது. அதைச் சொன்னாள். புது மரம் அப்படித்தான் இருக்கும் என்றான்.

பட்டம் ஏறப்போகிறவன் வீட்டில் பாய் மெத்தைக்கு அடியில் கிடப்பதா என்று மலியாவும் இரண்டு நாள் விடாமல் கேட்டாள். பாயை எட்டாக மடித்து, சுத்தமான விரிப்பில் சுற்றி, சினிவாவே உள்ளே வைத்தாள். சாவி மலியாவின் கொத்தில் சேர்ந்தது. வெயிலில் காட்ட வேண்டும் என்று இருமுறை கேட்டபோது, மூடியைத் திறந்து திறந்து மூடினால் வார்னிஷில் கீறல் விழும், விசேஷம் முடியட்டும் என்று பதில் வந்தது.

விசேஷத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் மலியா துணிமணி வாங்க அடுத்த தீவிலிருக்கும் தலைநகர் ஆப்பியாவுக்குப் படகேறிப் போனாள். சாவிக்கொத்து அவள் கைப்பையில் போயிற்று. அவள் போன மறுநாள் மேற்கிலிருந்து மழை பிடித்தது. காற்று ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களுக்கு இடையில் தண்ணீரை ஊசி ஊசியாக உள்ளே தள்ளியது. பழைய வீடாக இருந்தால் சரளைக்கல் தரை குடித்துவிடும். சிமெண்ட் தரை குடிக்கவில்லை. பெட்டியைச் சுற்றிக் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது.

ஃபிலேமோனி ஆட்களோடு மலைப்பக்கத்து நிலத்தில் இருந்தான். சினிவா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். நான்கு பேர் சேர்ந்தால்தான் அசையும் பெட்டி ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு எப்படி அசையும்? வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் எடுத்து வந்து, முட்டி போட்டு, ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தாள். முதல் இரண்டு பிழிவில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. மூன்றாவதில் சிவந்து வந்தது.

ஃபிலேமோனி திரும்பி வந்தபோது அவள் சுத்தியலைப் பூட்டின் மேல் ஓங்கியிருந்தாள். அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. தம்பி அக்காவைத் தொடமாட்டான். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றான்.

"பட்டத்துக்கு முன்னாடி பூட்டை உடைக்கிறதா? அபசகுனம். கீழ் விளிம்பு கொஞ்சம் சாயம் விட்டிருக்கு, அவ்வளவுதான். உள்ள போவாது."

"தண்ணி சிவந்திருக்கு தம்பி. வாளியைப் பாரு."

"நான் கோத்த மூட்டு எனக்குத் தெரியும்" என்றான். வாளியை அவன் பார்க்கவில்லை.

கடல் கொந்தளித்ததால் நான்கு நாள் படகு ஓடவில்லை. ஐந்தாம் நாள் மலியா வந்தாள். சாவியைக் கொடுத்தாள். மூடியைத் தூக்கியதும் வந்த வாடையிலேயே சினிவாவுக்குத் தெரிந்துவிட்டது. விரிப்பின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது. பாயை வெளியே எடுத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். மடிப்புக்கு மடிப்பு கறை ஏறியிருந்தது. முழுக்க விரித்ததும், ஒரே கறை எட்டு இடத்தில், ஒருவன் இரத்தக் கையால் வரிசையாக அறைந்துவிட்டுப் போன மாதிரி தெரிந்தது.

அவள் அழவில்லை. ஃபிலேமோனி குனிந்து பெட்டியின் அடிமூலையை விரலால் தடவினான். ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொன்னான்.

"உள்ள வார்னிஷ் வேணாம்னு சொன்னது நீதானே அக்கா."

"ஆமா."

"வைக்கும்போதே பாய் ஈரமா இருந்துச்சோ என்னவோ."

"சூறாவளியில அதை உடம்புல சுத்திக்கிட்டு மூணு நாள் நின்னேன். அப்ப ஒரு சொட்டு படல" என்றாள் சினிவா.

அவன் வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து, வேறொரு பாய் நெய்துகொள்ளலாம், அவள் கைக்கு அது ஒரு வேலையா என்று மலியாவிடம் சொல்வது கேட்டது. ஆறு வருடம் என்பதை அவன் எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். ஊசியில் நூல் கோக்கவே அவளுக்கு இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கண் வேண்டும்.

பாயைக் கொடுக்காமல் விட வழியில்லை. ஆறு வருடப் பாய் வருகிறது என்று அழைப்போடு சேர்த்துச் சொல்லி அனுப்பியாயிற்று. அம்மாவின் ஊரார் அதைப் பார்ப்பதற்கென்றே பஸ் பிடித்து வருகிறார்கள். நல்ல பக்கமாக மடித்துக் காட்டலாம் என்று ஃபிலேமோனி யோசனை சொன்னான். நல்ல பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை.

பட்டம் கட்டிய நாள் வெயில் நன்றாக அடித்தது. ஃபிலேமோனி எண்ணெய் மினுங்கும் உடம்போடு சபை நடுவே உட்கார்ந்திருந்தான். காவா பரிமாறி, அப்பாவின் பெயரைச் சொல்லி அவனை அழைத்தார்கள். சினிவாவுக்கு ஒரு கணம் அப்பாவையே அழைத்த மாதிரி இருந்தது. பிறகு பாய்கள் புறப்பட்டன. உறவினர்கள் கொண்டுவந்த பாய்கள் முதலில். ஒவ்வொன்றும் விரிந்து நகரும்போது கூட்டம் வாழ்த்திக் குரல் கொடுத்தது. கடைசியாக, ஒரு மூலையைச் சினிவாவும் மறு மூலையை நெசவுக் கூடத்துத் தோழி மரேடாவும் பிடித்துக்கொண்டு புல்வெளியில் இறங்கினார்கள். குரல் எழுந்தது. பாய் முழுக்க விரிந்ததும் அந்தக் குரல் பாதியில் நின்றுவிட்டது. அவள் நடந்தாள். அத்தனை பேர் பேசாமல் இருக்கும்போது அந்தப் புல்வெளி எவ்வளவு நீளம் என்பது நடந்தவளுக்குத்தான் தெரியும்.

வந்தவர்கள் தரப்பில் பேச எழுந்தவர் சவேலியோ, அம்மாவின் ஊர்ப் பேச்சாளர். கோலில் சாய்ந்து நின்று பாயை வெகுநேரம் பார்த்தார். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இப்படி ஒரு இழையை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. நெய்த கைக்கு வணக்கம். ஆனா இது மரக்கறை மாதிரி தெரியுது. இதை எந்த மரத்துல வெச்சிருந்தீங்க?"

எல்லோரும் ஃபிலேமோனியைப் பார்த்தார்கள். அந்த ஊரில் மரம் என்றால் அவன். இஃபிலேலே என்று ஒரு சொல் போதும். சொல்ல உரிமை உள்ளவள் அவள் ஒருத்தி; அக்காவின் வாக்கை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் இருந்த பெயருக்கு அப்போது ஒரு மணி நேரம்தான் வயது. அது அப்பாவின் பெயர். இன்று அது நாறினால் அவன் மறுபடி ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிடலாம். இந்த ஊரில் அந்தப் பெயரோடு கிடக்கப்போகிறவள் அவள். சபையில் தாங்கிப் பிடித்தால் வீட்டுக்குள்ளாவது அவன் உண்மையைச் சொல்வான் என்றும் ஒரு எண்ணம் ஓடியது.

"மரத்து மேல குத்தமில்ல" என்றாள் சினிவா. "நல்லாக் காயறதுக்கு முன்னாடி நான் மடிச்சு வெச்சுட்டேன். என் கையோட தப்பு."

சவேலியோ தலையசைத்தார். ஏற்றுக்கொண்டோம் என்றார். பாயை வாங்கிக்கொண்டார்கள். மரேடா மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நெய்யத் தெரிந்தவள் ஈரப் பாயை மடித்து வைத்தாளா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. நெய்தது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் ஃபிலேமோனி எதுவும் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, அந்த வாரம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பெட்டியைப் பார்க்க வந்த ஒருவரிடம், "அக்கா பாவம், வயசாயிடுச்சு, ஈரத்தோட வெச்சுட்டா. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பொய் சொல்கிறவன் குரல் இல்லை அது. அவன் நம்பிவிட்டிருந்தான். சினிவா அடுப்பின் சூட்டுக் கற்களைப் புரட்டிக்கொண்டே அது காதில் விழக் கேட்டிருந்தாள். அவனை இனித் தம்பி என்று கூப்பிட முடியாது. அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் மரேடா வந்தாள். மகளுக்குக் கல்யாணம். இரண்டு பாய் தயாராக இருக்கிறது. ஃபிலேமோனியிடம் இஃபிலேலே பெட்டிக்குச் சொல்லியிருக்கிறாள். கதவு அகலப் பலகை, ஒரு ஒட்டு கிடையாது. அவள் அதைச் சொன்ன பிறகு, வேகவைத்த சேம்பை இருவரும் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இஃபிலேலே வேணாம் மரேடா" என்றாள் சினிவா. "பூவரசுல கேளு. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. பாய்க்கு அதுதான்."

மரேடா மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு அன்போடுதான் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு சினிவா. மரத்து மேல குத்தமில்லைன்னு ஊர் முன்னாடி நீதானே சொன்ன? உனக்கு ஓலை தெரியும். மரம் தெரிஞ்சவங்க பார்த்துக்குவாங்க."

சினிவா சேம்புச் சட்டியை அருகில் இழுத்தாள். தட்டில் இன்னொரு துண்டுச் சேம்பை எடுத்து வைத்தாள். உப்பை நகர்த்திக் கொடுத்தாள். அடுக்களைக்குப் பின்னால் உரசும் சத்தம் கேட்டது. வீட்டுப் பன்றி, சாய்த்து வைத்த பூவரசம் பலகையில் சிமெண்ட் ஒட்டியிருந்த பக்கமாகப் பார்த்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.